ஷெனோன்ஸோ: ஆற்றின் மேல் ஓர் அரண்மனை, அதற்கு ஒரு தெற்குக் கதவு

ஆற்றங்கரையில் அரண்மனை கட்டிய ராஜாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆற்றின் மேலேயே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பாலம் போல நீட்டிக் கட்டிய அரண்மனைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒன்று பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறத்தில், தூர் என்ற நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஷெனோன்ஸோ என்று பெயர். அது நிற்கும் நதியின் பெயர் ஷேர். பங்குச்சந்தை ஷேர் அல்ல. லுவார் நதியில் போய்ச் சேரும் ஓர் உபநதி.

தூர் நகரிலிருந்து சின்ன ரயிலில் அரை மணி நேரம். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் அரண்மனை வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரின் பெயரும் இதேதான், ஆனால் எழுதும்போது ஊர்ப் பெயரின் கடைசியில் ஓர் எக்ஸ் எழுத்து வரும், அரண்மனைப் பெயரில் வராது. உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. உள்ளே நுழைந்ததும் பிளேன் மரங்கள் இருபுறமும் நிற்கும் நீண்ட சாலை. அதன் முடிவில்தான் வெள்ளைக் கல் கட்டடமும் அதன் அடியில் ஓடும் தண்ணீரும் கண்ணில் படுகின்றன.

இந்த அரண்மனையின் கதையில் ராஜாக்கள் வந்து போகிறார்களே தவிர, அதைக் கட்டியதும் காத்ததும் பெரும்பாலும் பெண்கள்தான். 1513-ல் தோமா போயே என்ற அரசாங்க நிதி அதிகாரி இந்த இடத்தை வாங்கினார். அப்போது இங்கே ஒரு பழைய கோட்டையும், ஆற்றில் மாவு அரைக்கும் ஓர் ஆலையும் இருந்தன. கோட்டையில் ஒரே ஒரு வட்டக் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு, ஆலையின் அஸ்திவாரத்தின் மேல் புது மாளிகையை எழுப்பினார்கள். போயே பாதி நாள் அரசர்களோடு இத்தாலிப் போர்களில் இருந்ததால், கட்டட வேலையை நின்று கவனித்தவர் அவர் மனைவி கத்தரீன் பிரிஸோனே. அவர்கள் இருவரும் இறந்த பிறகு, போயே அரசாங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கிக்காக 1535-ல் அரண்மனை அரசரின் கைக்குப் போயிற்று.

1547-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஹென்றி, இதைத் தன் பட்டத்து ராணிக்குக் கொடுக்கவில்லை. தன்னைவிடச் சுமார் 20 வயது மூத்த காதலி தியான் தெ புவாத்தியேவுக்குப் பரிசாகக் கொடுத்தார். தியான் கணக்கு வழக்கில் கெட்டிக்காரி. வெள்ளம் வந்தால் மூழ்காதபடி கல் மேடை எழுப்பி அதன் மேல் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. மாளிகையிலிருந்து தென்கரை வரை ஆற்றின் குறுக்கே கல் பாலம் கட்டச் சொன்னதும் அவர்தான்.

1559-ல் குதிரையில் ஈட்டி ஏந்தி மோதும் விளையாட்டில் ராஜாவுக்குக் காயம் பட்டு அவர் இறந்தார். அத்தனை வருடம் பொறுத்திருந்த ராணி கத்தரீன் தெ மெதிஸி, உடனே தியானிடமிருந்து அரண்மனையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் என்ற வேறு அரண்மனையைக் கொடுத்தார். அதோடு விடவில்லை. தன் சக்களத்தி கட்டிய பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் 18 ஜன்னல்களோடு ஒரு நடன மண்டபம் கட்டினார். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பாவியிருக்கிறார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நேர் கீழே ஆறு. பொறாமையும் ஆடம்பரமும் சேர்ந்து கட்டிய மண்டபம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு வேறு வேலைகள் காத்திருந்தன.

கத்தரீனுக்குப் பின் அவர் மருமகள் லூயிஸ் தெ லொரேன் இங்கே வந்தார். கணவர் மூன்றாம் ஹென்றி 1589-ல் ஒரு துறவியின் கத்திக்குப் பலியானார். செய்தி கேட்ட நாள் முதல் லூயிஸ் வெள்ளை உடை தவிர வேறு உடுக்கவில்லை. அந்நாளில் பிரெஞ்சு ராணிகள் துக்கத்துக்கு அணிந்த நிறம் வெள்ளை. நம் பாட்டிமார்களின் வெள்ளைப் புடவை நினைவுக்கு வராமல் இருக்காது. மேல் மாடியில் அவர் அறையைக் காட்டுகிறார்கள். கறுப்புச் சாயம், அதன் மேல் வெள்ளியில் கண்ணீர்த் துளிகள். 1601-ல் இறக்கும் வரை அவர் துக்கம் கலையவில்லை.

அடுத்து சொல்ல வேண்டியவர் 18-ம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த லூயிஸ் துப்பேன் அம்மையார். தத்துவ ஞானி ரூஸோ அவரிடம் செயலாளராக வேலை பார்த்தார். பெண்களைப் பற்றி அம்மையார் எழுதிவந்த பெரிய நூலுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுத்தவரும் அவரே. 1747-ல் இங்கே தங்கியபோது நல்ல சாப்பாட்டில் உடம்பு பெருத்துப் போனதை ரூஸோ பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது நாடெங்கும் மாளிகைகள் சூறையாடப்பட்டன. ஷெனோன்ஸோ தப்பியது. அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு அம்மையார் மேல் இருந்த மரியாதை ஒரு காரணம். இன்னொரு காரணமும் சொல்வார்கள்: சுற்று வட்டாரத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலமே இல்லை, இதை இடித்தால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்று அவர் வாதாடினாராம். பிரார்த்தனைக் கூடத்தில் விறகை அடுக்கிவைத்துக் காப்பாற்றினார் என்றும் சொல்கிறார்கள். 1799-ல் தம் 93-வது வயதில் காலமான அவருக்குத் தென்கரை மரங்களுக்கு நடுவே கல்லறை இருக்கிறது.

1913-ல் சாக்லேட் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த மெனியே குடும்பம் அரண்மனையை வாங்கியது. மறு வருடமே முதல் உலகப்போர். நடன மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்களைப் போட்டு ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். செலவு முழுவதும் மெனியே குடும்பத்துடையது. அந்த வீட்டு மருமகள் சிமோன் மெனியே தலைமை நர்ஸாக நின்று நடத்தினார். போர் முடிவதற்குள் 2,254 பேர் இங்கே சிகிச்சை பெற்றார்கள். படுக்கையில் இருந்தபடியே ஜன்னல் வழியாகத் தூண்டில் போட்டு மீன் பிடித்தார்களாம். பதுங்குகுழிச் சேற்றிலிருந்து வந்தவர்களுக்கு அந்த ஆறே பாதி மருந்தாக இருந்திருக்கும்.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது அந்த மண்டபத்துக்கு இன்னும் பெரிய வேலை வந்தது. 1940 ஜூன் 22-ல் பிரான்ஸ் ஜெர்மனியோடு போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தது. நாட்டின் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டருக்கு ஓர் எல்லைக் கோடு விழுந்தது. இந்தப் பகுதியில் கோடு ஷேர் நதியோடு போயிற்று. வடகரையில் ஜெர்மானிய ராணுவம், தென்கரையில் விஷி அரசு. ஒரே ஊர்க்காரர்களின் வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று ஆனது. கடப்பதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். கடிதம் கூடப் போகாது. பிறகு அச்சடித்த தபால் அட்டைகளை விட்டார்கள். நலம், நோயுற்றிருக்கிறார், இறந்துவிட்டார் என்பது போன்ற வார்த்தைகளில் பொருந்தாததை அடித்துவிட்டு அனுப்ப வேண்டும். தபாலை எதிர்பார்த்து வாசலில் நின்ற தலைமுறை நாம். அந்த அட்டையைக் கையில் வாங்கியவர்களின் மனசு எப்படி இருந்திருக்கும் என்பது நமக்குப் புரியும்.

இப்போது அரண்மனையின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்வாசல் வடகரையில், ஜெர்மானியர் ஆண்ட பகுதியில். மண்டபத்தின் கடைசியில் இருக்கும் தெற்குக் கதவு திறப்பது மறு பகுதியில். பாலங்களிலும் துறைகளிலும் காவல் இருந்தபோது, அந்த மண்டபத்தின் வழியாகப் பலரைத் தென்கரைக்குக் கடத்தி விட்டிருக்கிறார்கள். சிமோன் மெனியேயும் அந்த ரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் பங்கெடுத்தவர். ராணிகள் நடனமாடிய அதே கறுப்பு வெள்ளைத் தரையில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 60 மீட்டர்.

கதவுக்கு அப்பால் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. விஷி அரசும் 1940 அக்டோபரிலேயே யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. 1942 ஆகஸ்டில் தன் பகுதியிலிருந்தே யூதர்களைப் பிடித்து ஜெர்மானியரிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று ஜெர்மானியப் படை தெற்கேயும் புகுந்தது. ஆனாலும் அந்த இரண்டரை வருடத்தில் கரை மாறியவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் பிழைத்தவர்கள் உண்டு. 1944-ல் குண்டுவீச்சில் பிரார்த்தனைக் கூடத்தின் வண்ணக் கண்ணாடிகள் உடைந்தன. இப்போது இருப்பவை 1954-ல் புதிதாகச் செய்தவை.

இன்று அந்த ஆற்றங்கரையில் நடப்பது நல்ல அனுபவம். வில்லோ, பாப்லர் மரங்கள் தண்ணீரில் நிழல் போட்டு நிற்கின்றன. சாம்பல் நாரை ஒற்றைக் காலில் காத்திருக்கும். மீன்கொத்தி நீலக் கோடு போலப் பறந்து மறையும். 19-ம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக நதியில் வைத்த தடுப்பணைகளைப் பார்க்கலாம். மரக் கட்டைகளைச் செங்குத்தாக ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் செருகி, தண்ணீர் விட வேண்டுமானால் ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். நம் மதகுப் பலகைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். நம் குளங்களில் ஆகாயத்தாமரை செய்வதை, அங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் பூ நீர்க்கொடி செய்துகொண்டிருக்கிறது.

பெரிய மாளிகைகளைப் பார்க்கும்போது, இத்தனை பணத்தையும் உழைப்பையும் யாருக்காகக் கொட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஷெனோன்ஸோவில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. கட்டியவர்கள் பெருமைக்குத்தான் கட்டினார்கள். ஆனால் பின்னால் வந்தவர்கள் அதை அடுத்தவருக்குப் பயன்படும்படி ஆக்கிக்கொண்டார்கள். ஜனங்கள் கடக்கப் பாலம், காயம்பட்டவர் படுக்க இடம், துரத்தப்பட்டவர் ஓடிப்போக ஒரு கதவு.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. படுக்கையறைகளையும் சமையலறையையும் பார்த்துவிட்டுப் பலர் மண்டபத்தின் பாதியிலேயே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கடைசி வரை நடங்கள். தெற்குக் கதவு திறந்திருந்தால் அதைத் தாண்டி மறுகரையில் இறங்கி, மர நிழலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.