செங்கல் ஆலயமும் மன்னர் மண்டபமும்

கண்டி தலதா மாளிகையைத் தரிசிக்க வருவோரில் பலர், நாத, பத்தினி தேவாலயங்களுக்கு அருகே நிற்கும் செங்கற் கட்டடத்தைக் கவனிப்பதில்லை. அது அங்கிலிக்கன் திருச்சபையின் புனித பவுல் ஆலயம்.

அது எழுமுன் ஆங்கிலேயர் வழிபட்ட இடம், கண்டி மன்னரின் மகுல் மடுவ என்னும் அரச மண்டபம். இராஜாதி ராஜசிங்கன் 1783இல் தொடக்கிய அம்மண்டபம், செதுக்கிய மரத்தூண்களால் ஆனது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டதும் அங்கேதான். பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அது. 1825இல் வந்த கல்கத்தா பேராயர் ஹீபரும் அம்மண்டபத்திலேயே பிரசங்கித்தார். அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளியில் மறைந்த அதே ஹீபர்தான் அவர்.

பின்னர் கோப்பித் தோட்டங்கள் பெருகின. துரைமாரும் படையினரும் தமக்கென ஓர் ஆலயம் வேண்டினர். இங்கிலாந்தில் அப்போது மத்தியகாலக் கோதிக் பாணியே உண்மையான கிறிஸ்தவக் கட்டடக்கலை என்ற வாதம் வலுத்திருந்தது. பியூஜின் என்ற கட்டடக் கலைஞரின் நூல் 1836இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம் 1839இல் தோன்றியது. அந்த அலையே கூர்முனை வளைவுகளாகவும் செங்கற் சுவர்களாகவும் கண்டிக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலக் கிராமத்துக் கோயிலின் சாயலை, மன்னர் மாளிகையின் அயலிலேயே நிறுவினர்.

பேராயர் சப்மன் இதனை அர்ப்பணித்தது 1853இல். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர்தான், 1848 கிளர்ச்சியின் வீரர் புரன் அப்பு இதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்தத்தைக் காப்பதாக 1815இல் உறுதியளித்த அரசு, தலதா மாளிகையின் நிழலிலேயே தன் ஆலயம் எழ இடமளித்தது. இக்கட்டடத்தை வெறும் வழிபாட்டிடமாக மட்டும் என்னால் பார்க்க இயலவில்லை. அது ஆட்சியின் அறிவிப்பும் ஆகும்.

ஆயினும் வரலாறு அங்கு நின்றுவிடவில்லை. கண்டி திரித்துவக் கல்லூரி தனக்கொரு சிற்றாலயம் அமைக்க 1923இல் முற்பட்டபோது, அருட்திரு காஸ்டர் கோதிக்கை நாடவில்லை. மகுல் மடுவவையே முன்மாதிரியாகக் கொண்டார். மரத்தூண்களுக்குப் பதிலாகக் கருங்கல் தூண்கள் எழுந்தன. டேவிட் பெயின்டர் அதன் சுவர்களில் ஓவியம் தீட்டினார். இடம் கொடுத்த மண்டபத்தின் அழகை அந்நியத் திருச்சபை உணர, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

கண்டிக்குச் செல்லும் அன்பர்கள் இம்மூன்று கட்டடங்களையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.