தேடியவர் யார்? மணமுறிவும் சொத்தும்: வாளையாற்றுக்கு மேற்கும் கிழக்கும்

1956 நவம்பர் 1 வரை வாளையாறு ஒரு மாநில எல்லையன்று. மலபாரும் கோயம்புத்தூரும் சென்னையின் ஆளுகைக்குட்பட்ட அண்டை மாவட்டங்கள். இரண்டின் மேல்முறையீடுகளும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே சென்றன. எனினும் மணம் முறிந்தபின் எது யாருக்கு என்ற வினாவுக்கு, அந்த ஒரே நீதிமன்றம் இருவேறு விடைகளைச் சொல்ல வேண்டியிருந்தது.

மேற்கே, மருமக்கத்தாயம் பின்பற்றிய நாயர் தறவாடுகளில் இவ்வினா எழுவதற்கே இடமில்லை. சம்பந்தம் முறிந்தால் பெண் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. அவள் இருந்தது தன் தாய்வழி வீட்டில். கணவனின் உடைமை அவனுடைய தறவாட்டைச் சார்ந்தது. பிரிப்பதற்குப் பொதுச்சொத்து என ஒன்று உருவாகவே இல்லை. 1896ஆம் ஆண்டின் மலபார் திருமணச் சட்டம் சம்பந்தத்தைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. பதிவுசெய்தவர் மிகச் சிலரே. சம்பந்தத்தைச் சட்டமுறைத் திருமணமாக ஏற்று, மனைவி மக்களுக்கு வாரிசுரிமை வழங்கியது 1932ஆம் ஆண்டின் சென்னை மருமக்கத்தாயச் சட்டம். இருவரும் எழுதிப் பதிவுசெய்யும் பத்திரத்தாலேயே மணத்தை முறித்துக்கொள்ளவும் அது இடமளித்தது. காலத்தை நோக்க, துணிவான ஏற்பாடுதான். ஆனால் இருவரும் சேர்ந்து ஈட்டியதைப் பங்கிடும் நெறியை அது வகுக்கவில்லை.

கிழக்கே (பாலக்காட்டுத் தமிழர் பலரிடமும்) மக்கள்தாய முறை. பெண் கணவன் வீடு புகுந்தாள். அவளுக்கென உறுதியாக இருந்தது சீதனம் மட்டுமே. மணம் முறிந்தால் அதனோடும், கிடைத்தால் சீவனாம்சத்தோடும் திரும்பினாள்.

இவ்விரண்டிலும் இல்லாத ஒரு கருத்தாக்கம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனப் பகுத்தது. முதுசம் என்பது ‘முதுசொம்’ என்பதன் திரிபு. வழிவழி வந்த உடைமை. தேட்டமோ மணவாழ்வுக் காலத்தில் ஈட்டியது. அதில் இருவருக்கும் உரிமையுண்டு. 1806இல் ஆங்கில அரசு தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தது. தேட்டத்தின் எல்லை 1911, 1947 ஆகிய ஆண்டுச் சட்டங்களால் மாற்றி வரையறுக்கப்பட்டது.

‘தேடிய’ என்பது பெயரெச்சம்; அது பால் காட்டாது. தேடியவன் என்றோ தேடியவள் என்றோ இத்தொடர் சொல்வதில்லை. நடைமுறை அத்தனை நடுநிலையானதன்று. மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல ஒப்புதல் தேவைப்பட்டது. கணவனுக்கு அத்தகைய தடை இல்லை. உரிமை பொது, கையெழுத்து ஒருவருடையது.

இந்தியாவில் கோவா நீங்கலாக இக்கருத்து சட்டமாகவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி வழங்கப்பட்டு இருவருக்கும் உரியதாகும் பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கேரளம் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. தமிழ்நாடு 1989இல் மகள்களுக்குப் பிறப்புரிமையில் சமபங்கு தந்தது. இரண்டும் பெரும் மாற்றங்கள். ஆனால் இரண்டும் பிறந்த வீட்டுச் சொத்தைப் பற்றியவை. புகுந்த வீட்டில் இருபது ஆண்டு உழைத்தவளுக்கு இவற்றால் அங்கே பங்கு எதுவும் வரவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இவ்விடைவெளியை நேரடியாக எதிர்கொண்டது. கணவர் சவூதியில் பணிபுரிந்து பணம் அனுப்பினார். மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பேணிச் சொத்து வாங்கினார். பின்னர் எல்லாம் தன்னுடையதே என்றார் கணவர். இல்லத்தரசியின் பங்களிப்பை ஏற்கும் சட்டம் ஏதுமில்லை, ஏற்கக் கூடாதென்று தடுக்கும் சட்டமும் இல்லை என்று கருதிய நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவியின் வீட்டுழைப்பும் மறைமுகமாகச் சொத்தை ஈட்டியதே எனக் கொண்டு, கூட்டாக ஈட்டிய சொத்துகளில் சமபங்கு வழங்கினார். தீர்ப்பில் தேசவழமை பேசப்படவில்லை. பேசப்பட்டது தேட்டம்தான்.