கடாரத்துத் தோட்டங்களும் பாட்டுப் பெட்டியும்

இசையைச் சுமந்து செல்லுதல் தமிழருக்குப் புதிதன்று. ஆற்றுப்படை நூல்களில் வரும் பாணரும் கூத்தரும் ஊர்விட்டு ஊர் நடந்தவர்கள். மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் கூத்தர் தம் கருவிகளைப் பையில் இட்டுக் கட்டிச் சுமந்து வருவது கூறப்படுகிறது. முழவு, ஆகுளி, கோடு, தூம்பு, குழல் என அக்கருவிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. அப்பைக்குக் கலப்பை என்று பெயர். கலம் என்பது இசைக்கருவி. மலையேறிச் செல்லும் கூத்தர் எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்று எண்ணாமல் இருந்திருக்க முடியாது. இன்று ஓர் இளைஞர் தம்மிடமுள்ள பல்லாயிரம் பாடல்களுக்கு ஏற்ற கையடக்கப் பெட்டி எது என்று கடைக்காரரிடம் கேட்கும்போது, அப்பழைய வினாவே வேறு உருவில் எழுகிறது எனலாம்.

இவ்வினாவின் அண்மைக்கால வரலாற்றை ஆராய்வதற்குக் கடாரம் ஏற்ற களமாகும். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற நாடும் அதுவே. இன்றைய கெடா மாநிலத்தின் மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்குப் பகுதிகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் அப்பழந்தொடர்புக்குச் சான்று. ஆயினும் பாட்டுப் பெட்டியின் கதை மன்னரோடும் வணிகரோடும் தொடர்புடையதன்று. பால்மரம் சீவ வந்தவர்களோடு தொடர்புடையது.

தோட்டமும் உடைமையும்

1909ஆம் ஆண்டு ஆங்கில - சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின்கீழ் வந்தது. 1915இல் இருப்புப்பாதை சுங்கைப் பட்டாணி வழியாக அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் சயாம் எல்லையைத் தொட்டது. கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப் பட்டாணி, பீடோங், கோலா கெட்டில் ஆகிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பரவின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி இத்தோட்டங்களுக்குச் சென்றனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலாக் கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நாவில் வழங்குகிறது.

தோட்டத்து வாழ்வில் ஒன்றைக் கருதவேண்டும். லயத்து வீடு தொழிலாளிக்கு உரியதன்று. வேலை உள்ளவரைதான் வீடு. நிலமும் இல்லை, மரமும் இல்லை. எனவே உடைமை என்பது தூக்கிச் செல்லக்கூடியதாகவே இருந்தது: காதில் கழுத்தில் உள்ள நகை, துணிகள் அடங்கிய தகரப் பெட்டி, சுவரில் மாட்டிய சாமி படம். இசைக்கும் இவ்விதியே பொருந்தும். எந்தப் பாட்டைத் தூக்கிச் செல்ல முடியுமோ அந்தப் பாட்டே நிலைத்தது. முதலில் அது நினைவில் மட்டும் சுமக்கப்பட்டது. தாலாட்டும், ஒப்பாரியும், கும்மியும், மாரியம்மன் தாலாட்டும் எடையற்ற செல்வங்கள் அல்லவா?

அரக்குத் தட்டு

ஒலியைப் பதிந்து மீட்கும் கருவியை எடிசன் 1877இல் அமைத்தார். தட்டையான வட்டத் தகட்டில் ஒலியைப் பதியும் முறையை எமில் பெர்லினர் 1887இல் கண்டார். 1902இல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிந்தார். அப்பயணத்திலேயே 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து மலாய்ப் பாடல்களைப் பதிந்தார். இசைத்தட்டு அரக்கு கலந்து செய்யப்பட்டது. அவ்வரக்கைத் தந்தது இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியே.

பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாக ஒலிக்கும். எடை ஏறத்தாழ 200 கிராம். கீழே விழுந்தால் உடையும், வெயிலில் வளையும். நூறு தட்டுகள் உள்ள ஒருவர் இருபது கிலோகிராம் சுமையைத் தூக்கியும் பத்து மணி நேர இசையே பெறுவார். எஃகு ஊசியையோ பக்கத்துக்குப் பக்கம் மாற்றவேண்டும்.

தூக்கிச் செல்லும் பெட்டி முதல் உலகப்போரின்போது பெருகியது. டெக்கா நிறுவனப் பெயரில் 1914இல் வந்த கைப்பெட்டியைப் படைவீரர் பதுங்குகுழிகளுக்கு எடுத்துச் சென்றனர். நாய் முத்திரை கொண்ட ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் நிறுவனம் 1925இல் 101ஆம் எண் பெட்டியையும் 1931இல் 102ஆம் எண் பெட்டியையும் வெளியிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். அவ்வில் தளர்கையில் தட்டுச் சுழலும். மின்சாரம் வேண்டுவதில்லை. லயங்களுக்கு மின்விளக்கு எட்டாத காலத்தில் இதுவே பெருஞ்சிறப்பு.

ஆனால் விலை? 1920களின் இறுதியில் மலாயாவின் சில தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வரையறுக்கப்பட்டன. அன்று ஒரு ஸ்ட்ரெயிட்ஸ் வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்சுக்குச் சமம். ஐந்து பவுன் விலையுள்ள பெட்டி எனக் கொள்வோமாயின், அது ஏறத்தாழ 43 வெள்ளியாகும். ஓர் ஆடவரின் 86 நாட்கூலி. உணவுக்கும் உடைக்கும் ஒன்றும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் அது கைவரும். 1930க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் கூலி மேலும் குறைந்தது; ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். ஆகவே கிராமபோன் பெட்டி கிராணிக்கும் கங்காணிக்கும் கடைக்காரருக்கும் எட்டிய பொருள். பால்மரம் சீவியவர் அதன் உடைமையாளராக அன்றிக் கேட்போராகவே நின்றிருத்தல் கூடும்.

ஆயினும் தட்டு செய்த நன்மை பெரிது. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். பேசும் படங்களில் நடிக்காத அவருடைய குரலைப் பின்வந்தோர் அறிவது இசைத்தட்டாலேயே ஆகும். திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, நாகசுரத்தை நேரில் கேட்க வாய்ப்பில்லாத நாடுகளுக்கும் தட்டு வழியே சென்றது.

மாலைப் பொழுது

தோட்டத்து மாலைப் பொழுதை எதனால் நிரப்புவது என்பது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. 1946இல் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1947இல் அவ்வியக்கம் வேலைநிறுத்தமாகவும் அடக்குமுறையாகவும் முடிந்தது. களைத்த உடலுக்குக் கள் ஒரு புகலிடமாயின், பசனையும் நாடகமும் பாட்டும் மற்றொன்று. இக்கண்கொண்டு நோக்கின், பாட்டுப் பெட்டியின் பயன் நன்கு விளங்கும்.

1946இல் மலாயா வானொலி தொடங்கியது; அதன் தமிழ்ப் பகுதி தோட்டங்களை எட்டியது. 1950களின் நடுவில் டிரான்சிஸ்டர் வானொலிகள் விற்பனைக்கு வந்தன. உலர்ந்த மின்கலங்களால் இயங்கும் அப்பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எடைச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் வானொலியில் பாட்டைத் தேர்பவர் கேட்பவரல்லர். விரும்பிய பாட்டு வரும்வரை காத்திருக்கவேண்டும். வந்து போனபின் அது மீளாது. சுமை குறைந்தது, உடைமையும் குறைந்தது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று எதிர்த்து நிற்பதை இவ்வரலாறு முழுவதும் காணலாம்.

ஒலிநாடா

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சிறு ஒலிநாடாப் பேழை, அதாவது கேசட், இவ்வெதிர்ப்பை ஓரளவு தீர்த்தது. அறுபது நிமிட நாடா உறையுடன் நூறு கிராமுக்கும் குறைவு. நூறு நாடாக்கள் பத்து கிலோகிராமுக்குள் அடங்கி, நூறு மணி நேர இசையைத் தரும். இசைத்தட்டுச் சேர்க்கையின் பாதி எடையில் பத்து மடங்கு பாட்டு! 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தபின் பெட்டி சட்டைப் பைக்கே இறங்கியது.

இதனினும் பெரிய மாறுதல் ஒன்றுண்டு. தட்டில் பிறர் பதிந்ததைக் கேட்கலாமே தவிர வீட்டில் பதிய இயலாது. நாடாவில் எவரும் பதியலாம். பாட்டியின் ஒப்பாரியும், தீமிதித் திருவிழாவின் உறுமி மேளமும், பள்ளி ஆண்டு விழாவில் குழந்தை பாடிய பாட்டும், ஊரிலிருந்து வந்த உறவினரின் குரலும் திரையிசை நாடாக்களோடு ஒரே அட்டைப் பெட்டியில் இடம் பெற்றன. விலை கொடுத்து வாங்கிய நாடா மறுபடியும் கிடைக்கும். வீட்டில் பதிந்தது கிடைக்காது. உலகில் அதற்கு ஒரே படிதான் உண்டு.

இதே காலத்தில் தோட்டங்களும் கலைந்தன. துண்டாடலாலும், இரப்பர் அழிந்து செம்பனையும் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்ததாலும் பல குடும்பங்கள் லயங்களை விட்டுச் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பெயரும்போது எதை எடுப்பது, எதை எறிவது என்ற பழைய வினா மீண்டும் எழுந்தது. அட்டைப் பெட்டியிலிருந்த நாடாக்களுக்கு அதுவே சோதனைக் காலம்.

இலக்க முறைப் பெட்டி

1998இல் தென்கொரியாவில் செய்யப்பட்ட எம்.பி.3 கைப்பெட்டியும், 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபாடும் கணக்கையே மாற்றின. முதல் ஐபாடின் கொள்ளளவு 5 கிகாபைட்டு. வினாடிக்கு 128 கிலோபிட்டு அளவில் சுருக்கிய இசை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட்டு இடம் கொள்ளும். நூறு கேசட்டுகளின் நூறு மணி நேரம் 6 கிகாபைட்டுக்குள் அடங்கும். 320 கிலோபிட்டு அளவில் அது 14 கிகாபைட்டு ஆகும். இழப்பின்றிச் சுருக்கும் பிளாக் முறையில் ஏறத்தாழ 35 கிகாபைட்டு வேண்டும். விரல்நகம் அளவுள்ள 512 கிகாபைட்டு நினைவட்டையில் ஆயிரம் மணி நேர இசையை இழப்பின்றியே வைக்கலாம்.

எடை தீர்ந்தது, இடமும் தீர்ந்தது. இனித் தேர்வதற்கு என்ன உளது? மூன்று உள. முதலாவது, நினைவட்டையை மாற்றக்கூடிய பெட்டியா என்பது. ஐபாடில் அவ்வசதி இல்லை. 2022இல் அதன் உற்பத்தியே நின்றது. பெட்டி பழுதானாலும் அட்டையைக் கழற்றி வேறு பெட்டியில் இடமுடியுமாயின் சேர்க்கை பிழைக்கும். இரண்டாவது, தமிழ் எழுத்து தெரியுமா என்பது. யூனிகோடில் தமிழ் 1991 முதல் உண்டு. எனினும் மலிவான பெட்டிகள் பலவற்றில் பாடற்பெயர் வெறுங்கட்டங்களாகவே தோன்றும். பல்லாயிரம் பாடல்களுக்குள் பெயரின்றித் தேடுதல் கடலில் ஊசி தேடுதலை ஒக்கும். மூன்றாவது, மின்கலத்தை மாற்றமுடியுமா என்பது. மின்கலம் சில ஆண்டுகளில் தளரும். மேலும், குறைந்த விலை அட்டைகளில் அளவு பொய்யாகக் குறிக்கப்படுவதுண்டு. வாங்கியவுடன் முழுதும் நிரப்பிச் சோதித்தல் நன்று.

இணையத்தின் வழி ஓடையாக வரும் இசை உள்ளபோது பெட்டி எதற்கு என்று வினவுவோரும் உளர். அது பழைய வானொலியின் இயல்பை ஓரளவு உடையது. விரும்பிய பாட்டைக் கேட்கலாம். ஆனால் வைத்திருப்பவர் நிறுவனத்தார். கட்டணம் நின்றால் பாட்டும் நிற்கும். எல்லாவற்றினும் மேலாக, பாடாங் செராய்த் தோட்டமொன்றில் பதியப்பட்ட ஒப்பாரி எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இராது.

பெட்டியன்று, பேழை

யுனெஸ்கோவின் தகவல் திட்டமொன்றும் பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் சேர்ந்து 2019இல் காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடா கெடுவதற்கு முன்பே அதனை ஒலிக்கச் செய்யும் பொறிகளும் உதிரிப்பாகங்களும் கிடைக்காமற் போகும் என்பதே அதன் கருத்து. பெரிய காப்பகங்களுக்கே இந்நிலையாயின், சுங்கைப் பட்டாணி அடுக்குமாடி வீட்டின் பரண்மேல் உள்ள அட்டைப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

ஆகவே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபு இது. நல்ல பெட்டியைத் தேர்தல் இரண்டாம் பணி. சேர்க்கையைக் காத்தல் முதற்பணி. பெட்டிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைக்கவில்லை. எனவே மூலப்படியை இழப்பற்ற வடிவில் இரண்டு வேறிடங்களில் வைத்து, கையடக்கப் பெட்டியில் அதன் நகலை மட்டும் சுமத்தல் வேண்டும். வீட்டு நாடாக்களையே முதலில் மாற்றவேண்டும், திரைப்பாட்டு பொறுத்திருக்கும். ஒவ்வொரு பதிவோடும் பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்பவற்றைத் தமிழில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. பெயரற்ற குரல் ஓரிரு தலைமுறைக்குப்பின் வெறும் ஓசையாகிவிடும்.

இப்பணிக்கு மாணவரே ஏற்றவர். தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு நாடாவுக்கு ஒரு தாள் எழுதிவருமாறு தமிழாசிரியர் பணித்தால், அது கட்டுரைப் பயிற்சியுமாகும், வரலாற்றுத் தொண்டுமாகும். எழுதக் கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பு ஒரு மாவட்டத்தின் குரலைக் காத்துக்கொடுக்கும். கலப்பையைச் சுமந்த கூத்தர் கருவிகளை மட்டுமா சுமந்தனர்? அவற்றை இசைக்கும் அறிவையும் உடன் சுமந்தனர். அவ்வறிவு இல்லையேல் பை வெறுஞ்சுமையே.