ஊர்க்கோழியின் ஊர் எது?

அண்மையில் ஹற்றனைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பம் அது. இப்போது 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. "வீட்டின் பின்னால் நாலைந்து கோழி வளர்க்கலாம் என்று நினைக்கிறேன், சேர். பிள்ளைகள் கையில் தூக்கினாலும் கொத்தாத சாதுவான பழைய இனமாக இருக்க வேண்டும். என்ன இனம் நல்லது? எங்கே வாங்கலாம்?" என்றார்.

தமிழ் படிப்பிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, இலக்கியத்தையும் வரலாற்றையும் தொடாமல் இதற்கு விடை சொல்ல முடியாது என்று தோன்றியது.

நம் இலக்கியத்தில் சேவலுக்குக் கிடைத்த புகழ் பெரிது. முருகப் பெருமானின் கொடியில் ஏறியது சேவல். யானையோடு பொருது வென்ற கோழியின் பெயரால் உறையூருக்குக் 'கோழி' என்றே பெயர் வழங்கியதைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசலாபுரத்தில், போரிட்ட கோழிக்கென்றே எழுப்பிய நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குக் கல் நடுவதுபோலச் சேவலுக்கும் கல் நட்ட சமுதாயம் நம்முடையது.

ஆனால் பேட்டுக்கோழி இலக்கியத்தில் எங்கே நிற்கிறது? பட்டினப்பாலையில் வரும் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில், வீட்டு முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியை விரட்ட, ஒரு பெண் தன் காதிலிருந்த கனமான பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகக் கிடக்கிறது. சோழநாட்டின் செல்வத்தைக் காட்டப் புலவர் உருத்திரங்கண்ணனார் தீட்டிய காட்சி இது. நமது கண் பொன்னிலேயே நின்றுவிடுகிறது. விரட்டப்பட்ட கோழியை எவரும் கவனிப்பதில்லை. நண்பர் கேட்ட சாதுவான கோழி, முற்றத்தைச் சுற்றி வரும் அந்தக் கோழிதான்.

அது எங்கிருந்து வந்தது? வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழிதான் என்று சார்ள்ஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவர் கருத்து பெரும்பாலும் சரியென்றே இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டுக்கோழியினுடையவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள், தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவை ஏறத்தாழ கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்றும் 2022இல் வெளியான ஆய்வு கூறியது. நெல்லும் தினையும் விளைந்த நிலத்தைத் தேடி, காட்டுப் பறவை தானாகவே மனிதனிடம் இறங்கி வந்ததாம்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, செந்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முல்லைத் திணையின் கருப்பொருளாக நம் இலக்கணம் சொல்லும் கானக்கோழியின் நாட்டுப் பறவை அது. ஐரோப்பியப் பண்ணையில் மஞ்சள் காலோடு மேயும் கோழியிலும் நம் முல்லை நிலத்தின் சுவடு இருக்கிறது.

அப்படியானால் இலங்கைக் காட்டுக்கோழி? ஹோட்டன் சமவெளியிலும் ஹக்கலைக் காட்டோரத்திலும் நாம் காணும் அழகிய பறவை அது. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டுள்ள சேவலைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசோன் 1831இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இன்று அது நமது தேசியப் பறவை. ஊர்க்கோழி இந்தக் காட்டுக்கோழியின் பிள்ளை என்று நம்புவோர் பலர். ஆனால் இலங்கை ஊர்க்கோழிகளின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, இரண்டும் வெவ்வேறு வழிகள் என்றும், ஊர்க்கோழிக்குப் பல தாய்வழிகள் உண்டு என்றும் காட்டியது. அதாவது, நாம் 'ஊர்க்கோழி' என்று உரிமையோடு அழைக்கும் பறவை, பல காலங்களில் பல திசைகளிலிருந்து கடல் கடந்து வந்து சேர்ந்தது. இந்த மண்ணில் வாழ்ந்தே அது 'ஊர்' என்ற பெயரைப் பெற்றது.

மலைநாட்டில் கோழி வளர்ப்பு தோட்டங்களுக்கு முந்தியது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பி ஓடும்வரை இம்மலைகளில் வாழ்ந்தார். 1681இல் வெளிவந்த தம் நூலில், பிழைப்புக்காகப் பன்றியும் கோழியும் வளர்த்த கதையை அவர் சொல்கிறார். ஊர் திரும்ப அனுமதியில்லாத ஒருவன் இந்த மலையில் தனக்கென்று வைத்திருந்த உடைமைகளுள் கோழியும் ஒன்று என்பது சிந்திக்கத் தக்கது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின், 1820களிலிருந்து, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இலிருந்து பரவிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலையெங்கும் தேயிலை படர்ந்தது. நடந்து வந்தவர்களின் மூட்டையில் கோழி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். கோழி வளர்க்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்தது.

நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். மாடு கட்டவும் ஆடு மேய்க்கவும் இடம் வேண்டும். கோழிக்கு ஒரு பஞ்சாரமும் இஸ்தோப்பின் மூலையும் போதும். பிரட்டுக்கு அழைக்கும் தப்புச் சத்தம் எழுமுன்னரே லயத்துச் சேவல் கூவிவிடும். கொழுந்துக் கூடையை இறக்கிய பெண் முதலில் தேடுவது பிள்ளையை, அடுத்துத் தேடுவது கோழியை. சம்பளம் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருந்தது. முட்டை விற்ற காசு அவள் சேலை முடிச்சில் இருந்தது. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அவள் வளர்த்ததுதான்.

எங்கள் அப்பாயி கோழி அடைவைக்கும் முறை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முட்டைகளைக் கரியால் கோடிட்டு அடையாளம் வைப்பார். கூடையில் வைக்கோல் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கூழாகிவிடக் கூடாதென்று ஓர் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார். 21 நாள் கழித்துக் குஞ்சு பொரிக்கும். அந்த வழிக் கோழிகளுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது: 'போனவுக கோழி'.

அந்தப் பெயரின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும் என்றது. அதன்படி மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். பானையையும் துணியையும் மூட்டை கட்டலாம். கோழியை என்ன செய்வது? பக்கத்துக் காம்பராப் பெண், அடையில் இருந்த கோழியைக் கூடையோடு எங்கள் அப்பாயியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். போனவர் திரும்பவில்லை. கோழியின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் எங்கள் இஸ்தோப்பில் 'போனவுக கோழி'யாகவே மேய்ந்தன.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1840களில் சீனாவிலிருந்து 'கொச்சின்' எனப் பெயர் பெற்ற பெருங்கோழிகள் விக்டோரியா மகாராணியின் கோழிமனைக்கு வந்தன. நாடே கோழிப் பித்துப் பிடித்து அலைந்தது. 1845இல் இலண்டன் மிருகக்காட்சிசாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. 1865இல் ஒவ்வோர் இனத்தின் இலக்கணத்தையும் வகுத்து நூல் வெளியிட்டார்கள். கொச்சினும், பிரம்மாவும், 1886இல் கென்ற் மாவட்டத்தில் உருவான ஓர்பிங்டனும் இன்றும் சாதுவான பழைய இனங்கள் என்று உலகெங்கும் பெயரெடுத்தவை. ஆனால் கொச்சினுக்கும் பிரம்மாவுக்கும் கால்விரல் வரை இறகு. நமது மலையின் ஓயாத தூறலிலும் சேற்றிலும் அது நனைந்து ஊறிக் கிடக்கும். பட்டுப்போன்ற இறகுடைய 'சில்கி' கோழியும் சாதுதான். அதன் இறகு மழையைத் தாங்காது. நுவரெலியாவின் பனிக்கும் ஈரத்துக்கும் சிறிய கொண்டையும் உடலோடு ஒட்டிய இறகும் கொண்ட கோழியே ஏற்றது.

சந்தைக் கோழியின் கதை வேறு. இன்றைய கலப்பின முட்டைக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டை இடும். அடைகாக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். ஆகவே வியாபாரத்துக்கு அது நட்டம். அடை உட்காரும் கோழிகளை விலக்கி, உட்காராதவற்றையே பெருக்கி, தாய்மைக் குணத்தையே கழித்துவிட்டார்கள். குஞ்சு வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்துக்குப் போக வேண்டும். ஊர்க்கோழி ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். ஆனால் அது தன் சந்ததியைத் தானே உண்டாக்கும். தமிழகத்தில் 'சிறுவிடை' என்று போற்றும் நாட்டுக்கோழிக்கும் இதே குணம்.

எனவே நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான். பழைய லயங்களில் இன்னும் அடைவைக்கும் பெண்களைத் தேடிப் போங்கள். குஞ்சை வாங்குமுன் தாயைப் பாருங்கள். மாலையில் அடைக்கோழியின் வயிற்றடியில் மெல்லக் கைவையுங்கள். சிலிர்த்து முனகினாலும் முட்டையை விட்டு எழாமல், வெறியோடு கொத்தாமல் இருந்தால் அதுவே நல்ல வழி. சேவலையும் பாருங்கள், பிள்ளைகள்மீது பாயும் சேவலின் குஞ்சு வேண்டாம். சண்டைக்கென வளர்த்த வழியும் வேண்டாம். சேவலை வேறொரு லயத்திலிருந்து எடுத்தால் இரத்த உறவு நெருங்காது. புதிதாக வந்தவற்றை இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்து வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் கூட்டையே காலியாக்கும். கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்து கேளுங்கள். குஞ்சு பெருகியதும், கேட்டு வருகிற அடுத்த வீட்டுக்கு ஓர் அடைக்கோழியைக் கொடுங்கள். ஒரே கூட்டில் இருக்கும் வழி ஒரே நோயில் அழியும். பத்து வீட்டில் இருப்பது பிழைக்கும்.

ஐரோப்பியக் கோழிக்கு இலக்கண நூல் இருக்கிறது. நம் ஊர்க்கோழிக்கு அப்படி எழுதிவைத்த நூல் இல்லை. படிக்க எழுத வாய்ப்பில்லாத பெண்கள் கைக்குக் கை மாற்றிக் காத்த செல்வம் அது. லயம் கலைந்து, இளையோர் கொழும்புக்குப் போய், முட்டையைக் கடையில் வாங்கும் இக்காலத்தில், அந்தக் கைமாற்று நின்றால் கோழியும் நின்றுவிடும்.

எங்கள் முன்னோர் பேச்சில் 'ஊர்' என்றால் கடலுக்கு அப்பால் உள்ள கிராமம். 'ஊருக்குப் போறோம்' என்று சொல்லித்தான் ரயில் ஏறினார்கள். இங்கே எஞ்சியோருக்கும் நாடற்றவர் என்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. கடல் கடந்து வந்த கோழியை இந்த நாடு எந்தப் பத்திரமும் கேளாமல் ஊர்க்கோழி என்றது. அதை வளர்த்தவள் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தாள்.

நண்பர் சென்ற மாதம் மஸ்கெலியாப் பக்கத்து லயமொன்றிலிருந்து அடைக்கோழி ஒன்றைக் கூடையோடு கொண்டு வந்திருக்கிறார். கொடுத்த அம்மா பணம் வாங்கவில்லையாம். "பொரிச்சதும் ரெண்டு குஞ்சு கொண்டாந்து குடு, தம்பி" என்றாராம்.