யூனிக்ஸ் பயனர் கணக்கு: இரண்டு கோப்புகள் ஒன்றானது ஏன்?

யூனிக்ஸின் பாஸ்வேர்டு கோப்பு எல்லோரும் படிக்கக்கூடியதாக மாறியது ஏன் என்று கேட்டால், ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979 நவம்பரில் வெளியிட்ட கட்டுரையைத்தான் பலரும் காட்டுவார்கள். தொடக்கத்தில் கடவுச்சொற்கள் மறைப்பின்றி அக்கோப்பில் இருந்தன. ஆகவே அதைக் கடுமையாகப் பூட்டிவைக்க வேண்டியிருந்தது. பூட்டு என்றாவது தவறும் என்பதால் குறியாக்கம் வந்தது என்பது அவர்கள் வாதம். 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். கணினியில் கடவுச்சொல் பட்டியலும் அன்றைய அறிவிப்பும் இடம்மாறி, உள்ளே நுழைந்த எல்லோர் முன்னும் பட்டியல் அச்சான நிகழ்ச்சியைச் சான்றாகத் தருகிறார்கள். குறியாக்கம் வந்ததற்கு இந்த விளக்கம் போதும். கோப்பைத் திறந்துவிட்டதற்குப் போதாது.

மறைத்தெழுதிய கடவுச்சொற்களையும் பூட்டிய கோப்பிலேயே வைத்திருக்கலாம்; பாதுகாப்பு மட்டுமே நோக்கமென்றால் அதுதான் மேல். திறந்ததற்கு வேறொரு தேவை இருந்திருக்க வேண்டும். அந்தத் தேவை, கணக்குகளைக் கையால் எழுதிச் சேர்த்தவர்களின் வேலையில் இருக்கிறது என்பது என் கருத்து.

1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் பதிப்புக் கையேட்டில் பாஸ்வேர்டு கோப்பின் ஒரு வரி ஐந்து புலங்களால் ஆனது: பெயர், கடவுச்சொல், பயனர் எண், தொடக்க அடைவு, ஷெல். இடையிடையே முக்காற்புள்ளி. சூப்பர்யூசர் தவிர யாரும் அதைப் படிக்க முடியாது. ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு உரிமையாளரின் பெயர் வேண்டும். டிஸ்கில் இருப்பதோ எண் மட்டும். அதற்காகவே யூஐடிஸ் என்று இன்னொரு கோப்பு எட்ஸி அடைவில் திறந்தே இருந்தது. ஒரே பெயரும் எண்ணும் இரண்டு இடங்களில். புதிய பயனரைச் சேர்ப்பவர் இரண்டையும் திருத்தியாக வேண்டும். ஒன்றை மறந்தால் உள்ளே நுழையக்கூடியவருக்கு எல்எஸ்ஸில் பெயர் வராது.

1975 மே மாதத்து ஆறாம் பதிப்பில் யூஐடிஸ் இல்லை. அங்கே பாஸ்வேர்டு கோப்புக்கான பக்கத்தில் வரும் ஒரு வாக்கியத்தின்மேல்தான் என் வாதம் நிற்கிறது. கடவுச்சொற்கள் குறியாக்கப்பட்டிருப்பதால் கோப்பை எல்லோரும் படிக்கலாம் என்றும், பயனர் எண்ணிலிருந்து பெயரை அறிவது போன்றவற்றுக்கு அது உதவும் என்றும் அது சொல்கிறது. குறியாக்கம் இங்கே திறப்பதற்கான அனுமதியாக நிற்கிறது. திறந்த பிறகு கிடைக்கும் பயனாகக் கையேடு பெயர் சொல்லிக் காட்டுவது யூஐடிஸ் செய்துவந்த அதே வேலையை. எண்–பெயர் தொடர்பை அவ்வாக்கியம் எடுத்துக்காட்டாகத்தான் சொல்கிறது, காரணமாக அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆயினும் சொல்வதற்கு எத்தனையோ பயன்கள் இருக்க, மறைந்துபோன கோப்பின் வேலையையே எழுதியவர் தேர்ந்தது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பின்வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1988இல் வந்த சிஸ்டம் ஃபைவ் 3.2 குறியாக்கிய கடவுச்சொற்களைப் பூட்டிய ஷேடோ கோப்புக்கு மாற்றியபோதும், பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தேதான் விட்டது. எண்ணுக்குப் பெயர் தேடும் நிரல்கள் அதை நம்பியிருந்தன. கையால் கணக்குத் தொடங்குபவர் மீண்டும் இரண்டு கோப்புகளில் வரி சேர்க்க வேண்டியதாயிற்று.

யூஐடிஸ் பாஸ்வேர்டு கோப்போடு இணைந்தது எப்போது என்பதை மாதக் கணக்கில் சொல்ல முடியாது. கடவுச்சொல்லைக் குறியாக்கும் கிரிப்ட் நிரல் 1973 பிப்ரவரியின் மூன்றாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. இணைப்பும் அதை ஒட்டியே நடந்திருக்கக்கூடும். ஆனால் கையேட்டின் தேதி அச்சான காலத்தைத்தான் சொல்கிறது. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்தின் கணினியில் நிரல் மாறிய நாள் அதற்குச் சில மாதம் முன்னதாகவும் இருக்கலாம்.