கரைக்கு வந்தால் ஆபத்து - யானைச் சீல்களின் கதை

வருடத்தில் ஏறக்குறைய பத்து மாதம் கடலில், இரண்டே மாதம் கரையில். வட பசிபிக் கடலில் வாழும் பெண் யானைச் சீலின் வாழ்க்கை இதுதான். 19ஆம் நூற்றாண்டில் இந்த இனத்தையே கிட்டத்தட்ட அழித்தது இந்தக் கரை வாசம்தான். ஆச்சரியம் என்னவென்றால், இனம் பிழைத்ததற்கும் இதே பழக்கம்தான் காரணம்!

முதலில் அந்தக் கரை வாழ்க்கையைப் பார்ப்போம். கலிபோர்னியா, மெக்சிகோ கடற்கரைகளுக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஆண் சீல்கள் வர ஆரம்பிக்கும். நான்கு மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு டன் வரை எடை. தும்பிக்கை மாதிரி தொங்கும் மூக்கால்தான் யானை என்ற பெயர். கரையில் யார் பெரியவன் என்று ஒன்றை ஒன்று மார்பில் கடித்துச் சண்டை போடும். ஜெயித்த சில ஆண்களுக்குத்தான் பெண்கள் கூட்டம். இடத்தை விட்டு நகர்ந்தால் வேறொன்று வந்துவிடும் என்பதால் மூன்று மாதம் வரை சாப்பாடே கிடையாது.

டிசம்பர் கடைசியிலிருந்து பெண்கள் வருகின்றன. வந்து ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு குட்டி போடும். சுமார் நான்கு வாரம் பால் கொடுக்கும். பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு! பிறக்கும்போது 35 கிலோ இருக்கும் குட்டி, பால் குடி மறக்கும்போது 120 கிலோவைத் தாண்டிவிடும். அத்தனை நாளும் தாய் ஒரு வாய் கூடச் சாப்பிடுவதில்லை. வரவே இல்லாமல் செலவு மட்டும். கடலில் சேர்த்து வைத்த கொழுப்புதான் முதல். அது கரையும் நேரத்தில் மறுபடி கருவுற்று, குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். தனியாக விடப்பட்ட குட்டிகள் இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து, தாமாகவே நீந்தப் பழகிக் கடலில் இறங்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் பெண்கள் திரும்பவும் வரும். இந்தத் தடவை தோல் உரிக்க. முடியோடு சேர்ந்து மேல்தோல் துண்டு துண்டாக உரிந்து விழும். புதுத்தோல் வளர ரத்தம் தோல் வரை ஓட வேண்டும். குளிர்ந்த கடலில் அப்படி ஓடினால் உடல் சூடு போய்விடும். அதனால்தான் ஒரு மாதம் மணலில் படுக்கை. ஆண்களின் முறை ஜூலை, ஆகஸ்டில்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு வருடமும் அதே கரை, அதே மாதம். அதுவும் உடம்பு நிறைய கொழுப்போடு, வேகமாக ஓட முடியாத நிலையில்! எண்ணெய் வியாபாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? விளக்கு எரிக்கவும் இயந்திரங்களுக்கு மசகாகவும் அந்த எண்ணெய்க்கு நல்ல விலை இருந்தது. ஒரு பெரிய ஆண் சீலிலிருந்து 200 காலனுக்கு மேல் எடுத்ததாக, வேட்டைக் கப்பல் தலைவர் சார்லஸ் ஸ்காமன் 1874இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1880களில் இந்த இனம் அழிந்தே போனதாக எல்லோரும் நினைத்தார்கள்.

1892இல் சார்லஸ் டவுன்சென்ட் என்ற விலங்கியலாளரின் குழு மெக்சிகோவின் குவாடலூப் தீவில் பத்துக்கும் குறைவான சீல்களைக் கண்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? அருங்காட்சியகத்துக்காக ஏழைக் கொன்றார்கள். அழியப் போகிறது, அதற்குள் மாதிரி எடுத்து வைப்போம் என்பதே அன்றைய விஞ்ஞானிகளின் கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கு தப்பியது. எல்லாச் சீல்களும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பதில்லை. கடலில் இருந்தவை யார் கண்ணிலும் படவில்லை. 1911இல் அதே டவுன்சென்ட் அதே தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட சீல்களைப் பார்த்தார். 1922இல் மெக்சிகோ அரசு தீவைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. 1955இல் கலிபோர்னியாவின் ஆன்யோ நுவேவோ தீவுக்கும், 1990இல் பியட்ராஸ் பிளாங்காஸ் கரைக்கும் வந்து சேர்ந்தன. 2010 மதிப்பீட்டில் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

ஆனால் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. இந்த லட்சங்கள் அனைத்தும் அந்த ஒரு சிறு கூட்டத்தின் வாரிசுகள். 1974இல் வெளியான ஆய்வில், பரிசோதித்த புரதங்களில் ஒன்றுக்கொன்று வித்தியாசமே காணப்படவில்லை. இத்தனை ஒரே மாதிரியான உடல்களில், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கக் கூடும். கரையில் நெருக்கமாகப் படுத்திருப்பதன் ஆபத்தை 2023இல் அர்ஜென்டினா காட்டியது. அங்குள்ள வல்தேஸ் தீபகற்பத்தில், இவற்றின் உறவினமான தெற்கு யானைச் சீல்களின் குட்டிகள் சுமார் 17,000 பறவைக் காய்ச்சலில் இறந்தன.

எண்ணெய்க் கப்பல்கள் போய்விட்டன. ஆனாலும் குட்டி போட வேண்டும், தோல் உரிக்க வேண்டும். கடலில் இரண்டுக்கும் வழியில்லை. ஆபத்து இருந்தாலும் டிசம்பர் வந்தால் அவை கரைக்கு வந்துதான் ஆக வேண்டும்.