அமேசான் படுகையில் காடழிவு: காரணங்களும் போக்கும்

தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை ஏறத்தாழ 70 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் காட்டில் பெரும்பகுதி பிரேசில் நாட்டினுள் அடங்கும். அக்காட்டின் அழிவுக்கு மக்கட்பெருக்கத்தையும் வறியவரின் கோடரியையும் காரணமாகக் கூறுவார் உளர். வரலாற்றை நோக்கின், கோடரிக்கு முன்னே சாலையும், சாலைக்கு முன்னே அரசாணையும் சென்றமை புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்படுகையின் பெருஞ்செல்வமாக விளங்கியது இரப்பர். பால் தரும் மரம் உயிருடன் நிற்றல் வேண்டும்; ஆதலின் அவ்வணிகம் பழங்குடி மக்களைக் கொடுமைக்கு ஆளாக்கியபோதும் காட்டைப் பெருமளவில் அழிக்கவில்லை. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இங்கிருந்து இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றின் வழிவந்த மரங்கள் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாயின. மலாயாவில் பால்மரம் வெட்டிய தமிழரின் வாழ்வும் இவ்விதைகளோடு பிணைந்ததே. ஆசிய இரப்பரின் போட்டியால் 1910களில் அமேசான் வணிகம் வீழ்ந்தது; காடோ எஞ்சி நின்றது.

திருப்பம் நேர்ந்தது 1960களில். 1960இல் பெலெம் - பிரசீலியா நெடுஞ்சாலை திறக்கப்பெற்றது. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு, 1966 முதல் அமேசானில் மாட்டுப் பண்ணை அமைத்த நிறுவனங்களுக்கு வரிச்சலுகைகளை வாரி வழங்கியது. 1970இல் வடகிழக்குப் பிரேசில் கடும் வறட்சிக்கு உள்ளானது. அங்குப் பெருநிலக்கிழார் கையிலிருந்த நிலத்தைப் பகிர்ந்தளிக்க முன்வராத அரசு, ஏழை உழவரைக் காட்டிற்கு அனுப்ப அமேசான் குறுக்கு நெடுஞ்சாலையை வகுத்தது. ஒரு குடும்பத்திற்கு 100 ஹெக்டேர் என்பது திட்டம். ஆளற்ற நிலம் என்று அரசு கருதிய அக்காட்டில் பழங்குடியினர் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பது மறக்கப்பட்டது.

காடழிந்த முறையும் கருதத்தக்கது. முதன்மைச் சாலையிலிருந்து சில கிலோமீட்டர் இடைவெளியில் கிளைச்சாலைகள் பிரிய, அவற்றின் இருமருங்கும் காடு வெட்டப்பட்டது. வானிலிருந்து நோக்குவார்க்கு இது மீன்முள் போலத் தோன்றும். ரொண்டோனியா மாநிலம் இதற்குத் தக்க சான்று. உலக வங்கியின் கடனுதவியுடன் அங்குச் செல்லும் நெடுஞ்சாலை 1984இல் தார்ச்சாலையானதும் குடியேறுவோர் வெள்ளமெனப் பெருகினர்.

காட்டு மண்ணோ வளம் குறைந்தது. வளமெல்லாம் மரங்களிலேயே தங்கியுள்ளது. எரித்த சாம்பல் சில ஆண்டுகளே விளைச்சல் தரும். மண் சலித்தபின் உழவன் நிலத்தைப் பண்ணையாளருக்கு விற்று உட்காடு நோக்கி நகர்வான். காட்டை வெட்டித் திருத்துதலே நில உரிமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டமையால், வெட்டாதவன் உரிமை இழப்பான் என்னும் நிலை உருவாயிற்று. வறியவன் கோடரி ஏந்தினான் எனினும், நிலைத்த பயன் பெற்றவர் மாடு வளர்த்த பெருநிலக்காரரே.

இப்போக்கை எதிர்த்து, காடு நின்றால்தான் தம் தொழில் நிற்கும் என்று முழங்கிய இரப்பர்த் தொழிலாளர் தலைவர் சிகோ மெண்டிஸ், 1988 டிசம்பர் 22இல் பண்ணையாளர் தரப்பினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். எனினும் அவர் வேண்டிய வண்ணம், மக்கள் காட்டை அழிக்காது பயன்கொள்ளும் காப்பகங்கள் 1990 முதல் அமைக்கப்பெற்றன.

பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2004இல் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர். செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய காப்புக்காடுகள், காடழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என 2006இல் வணிகர் செய்த உடன்பாடு ஆகியவற்றால் 2012இல் இது 4,571 ஆகக் குறைந்தது. காவல் தளர்ந்தபின் 2021இல் 13,038 ஆக ஏறியது. காவல் மீண்டும் இறுகியதும் தாழ்ந்தது.

இவ்வேற்றத்தாழ்வு மக்கட்பெருக்கத்தால் விளைந்ததன்று. ஆட்சியின் மனப்போக்கால் விளைந்தது. காட்டை அழித்தது விதியன்று, கொள்கை. கொள்கையால் அழிந்ததைக் கொள்கையால் காக்கவும் இயலும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.